ஞாயிற்று வெயில்

*பிட்டர் கோவ், நியூஃபவுண்ட்லாந்து, 1884*

எட்டு நாள் மூடுபனி.
எதிர்க்கரை இருக்கிறதென்று
நாய் குரைத்தால்தான் தெரியும்.
உப்பில் கிடத்தி, கழுவி, அடுக்கிய காட் மீன்
வெயிலுக்குக் காத்துக் காத்து
விரல் வைத்தால் வழுக்கத் தொடங்கியிருந்தது.
இன்னும் ஒரு நாள் போனால்
செம்புள்ளி விழும்.
அப்புறம் அது உரம்தான்,
போடுவதற்கோ உருளைக்கிழங்குப் பாத்தி நான்கு.

என் மணிக்கட்டில் பித்தளைச் சங்கிலி.
நகையில்லை.
எண்ணெய்ச் சட்டையின் கைவிளிம்பு உரசி
உப்புக் கொப்புளம் கிளம்பாமலிருக்க
இங்கே ஆண்கள் கட்டுவது.
அக்டோபர்ப் புயலுக்கு முந்தின இரவு
அப்பா கழற்றி ஆணியில் மாட்டியது.
அவருக்கு இரண்டு சுற்று, எனக்கு மூன்று.
கொப்புளம் வந்துதான் இருக்கிறது.

விடியலில் சதை மேலே பார்க்க விரிக்கணும்.
உச்சியில் உறைத்தால் புரட்டணும்,
வெந்த மீனுக்குப் பாதி விலை.
அந்தியில் குவித்து, மரப்பட்டை மூடி, கல் ஏற்றணும்.
கம்புப் பரணில் நடக்கையில்
காலிடுக்கில் கடல் தெரியும்.
முதல் கோடையில் பயந்தேன்.
இப்போது பார்க்க நேரமில்லை.

ஒன்பதாம் நாள் விழித்தால்
சுவரில் மஞ்சள் சதுரம்.
ஞாயிறு.

அம்மா கறுப்பு உடையில்
தம்பி ஏலிக்குக் காலர் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.
நான் ஏப்ரனை எடுத்துக் கட்டினேன்.
அம்மாவின் விரல் பொத்தானிலேயே நின்றது.
இந்தத் துறையில் ஓய்வுநாளில்
விறகு பிளந்தவர் இல்லை.
ஜாப் ஸ்நூக் சவரத்தைக்கூடச்
சனி இரவே முடித்துவிடுவார்.

கோயில் மேட்டில், ஜன்னலெல்லாம் கடலைப் பார்த்து.
அவர்கள் பாடத் தொடங்கியபோது
நாற்பது மீன் விரித்திருந்தேன்.
பிரசங்கத்துக்கு முன் இருநூறு.
ஒவ்வொன்றும் கம்பில் விழுந்து
கன்னத்தில் அறைந்தாற்போல் சத்தம் போட்டது.
மெல்ல வைக்கப் பார்த்தேன்.
ஈர மீனுக்கு மெல்ல விழத் தெரியாது.

வீடு திரும்பும் பாதை பரணை ஒட்டித்தான்.
முப்பது ஜோடி பூட்ஸ்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
ஹிஸ்காக்கின் மனைவி மட்டும்
தன் மகளின் முகத்தை மறுபக்கம் திருப்பினாள்,
நான் துணியில்லாமல் நிற்பது போல.

அன்று மாலை தூறல். ஓடினேன்.
கிழக்கு முனைக் குவியலை நான் மூடவில்லை.
போய்ப் பார்த்தால் மூடியிருந்தது.
கற்கள் இரண்டிரண்டாக.
எங்கள் வீட்டில் மட்டும்தான் அப்படி வைப்போம்.
நான் கேட்கவில்லை.
அம்மா ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை,
கிண்ணத்தை மட்டும் என் பக்கம் நகர்த்துவாள்.

செப்டம்பரில் வியாபாரியின் கிடங்கு.
தரம் பிரிக்கிற நோஸ்வொர்தி
ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சாய்த்து, முகர்ந்து,
கட்டைவிரலால் அழுத்தி எறிவான்:
முதல் தரம், இரண்டாம் தரம்,
மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பும் கழிசல்.
அந்தக் கட்டைவிரலில்தான் எங்கள் குளிர்காலம்.
முதல் தரம். முதல் தரம்.
எந்தக் கிழமை வெயில் என்று
விரல் கேட்கவில்லை.
ஹிஸ்காக் வீட்டு மீன்
கழிசல் பக்கமே விழுந்துகொண்டிருந்தது.
நான் மகிழவில்லை.
கொஞ்சம் மகிழ்ந்தேன்.

குமாஸ்தா பேரேட்டில் அப்பாவின் பக்கத்தைத் திறந்தான்.
மாவு, வெல்லப்பாகு, தேயிலை, கயிறு,
மூழ்கிய படகுக்கான பாக்கி.
அது மூழ்கவில்லை.
"இந்த மீன் யார் பேரில்? தம்பி பேரிலா?"
ஏலிக்குப் பதினொன்று.
"என் பேரில்."
சிரித்துக்கொண்டே மை தொட்டான்.
டிரைஃபீனா: எப்படி எழுதுவதென்று
அவனுக்குத் தெரியவில்லை, எனக்கும்தான்.
ஆகவே புதுப் பக்கத்தில் நான்
'டி. பார்டி, பெண்'.

காசு யாரும் கண்ணில் காட்டுவதில்லை இங்கே.
பாக்கி கழித்து மிஞ்சியதற்குச் சாமான்.
முதல் வரி அவனாகவே எழுதினான்: மாவு, இரண்டு பீப்பாய்.
அடுத்ததை நான் சொன்னேன்:
எண்ணெய்ச் சட்டை, ஒன்று.
சின்ன அளவு.